நடு நாற்காலியில் பதினோரு வருடம்

புருஷன் பெண்டாட்டிக்குள் நடப்பதை ஒரு மொழியில் வாங்கி இன்னொரு மொழியில் கொடுப்பதுதான் என் பிழைப்பு. சொல்கிறவர்கள் அழுவார்கள், நான் எடுத்துச் சொல்வேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எதையாவது தப்பாகச் சொல்லி யார் தலையிலாவது போட்டுவிடுவேனோ என்று பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக நாலு நாள் போய்விட்டது. இது சும்மா பயம் இல்லை. ஒரு தடவை ஒரே ஒரு வரியை நான் சொல்லாமல் விட்டேன். அதற்கான அடி என் மேல் விழவில்லை, வேறொரு பெண்ணின் மேல் விழுந்தது. அதைச் சொல்லத்தான் இத்தனை சுற்றும்.

புனேயில், கேம்ப் என்ற பகுதியில், ஒரு பேக்கரிக்கு மேலே முதல் மாடியில் எங்கள் கிளினிக். தாம்பத்தியப் பிரச்சினைகளுக்கு ஆலோசனை சொல்லும் டாக்டரம்மா மராத்திக்காரர். தமிழில் ஒரு வார்த்தை வராது. ஊரில் கல்யாணம் முடிந்து நேரே இங்கே வந்து இறங்கும் நம் பெண்கள் பலருக்கு இந்தி வராது. இரண்டு பேருக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில், இங்கே வந்து காதால் கேட்டே இந்தியும் மராத்தியும் கற்றுக்கொண்ட நான். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவிலோ, அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவிலோ நின்று இரண்டு பக்கமும் பேச்சு வாங்கியவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்கு என் கஷ்டம் புரியும். டாக்டரம்மா மராத்தியும் இந்தியும் கலந்து பேசியதை எல்லாம் இங்கே தமிழிலேயே எழுதுகிறேன். யார் பெயரையும் சொல்லப் போவதில்லை.

ஒன்றுமில்லை

நான் வேலைக்குச் சேர்ந்தது பெருக்கித் துடைக்கவும், வருகிறவர்களை வரிசையாக உட்கார வைக்கவும்தான். மூன்றாம் மாதம் ஒரு தமிழ் ஜோடி வந்தது. மனைவிக்கு இந்தி தெரியாது, நானே கேட்டுச் சொல்கிறேன் என்றார் கணவர். அதுவரை கிளினிக்கில் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது, மனைவியின் குறையைக் கணவர்தான் சொல்வார். நான் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் அழுதுகொண்டே வெகுநேரம் பேசினாள். பக்கத்தில் வருவதற்கு முன்னால் போனில் யார் யாரையோ பார்க்கிறார், பிறகு என்னைப் பார்த்து முகம் சுளிக்கிறார், இவர்களை மாதிரி இரு என்கிறார், இப்போது குளிக்கும்போது என் உடம்பைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை என்றாள். கணவர் டாக்டரம்மாவிடம் திரும்பி இந்தியில் சொன்னது இவ்வளவுதான்: ஒன்றுமில்லை, அவளுக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டதாம்.

துணி என் கையிலிருந்து விழுந்தது. "மேடம், அந்தப் பொண்ணு அப்படிச் சொல்லலை" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. டாக்டரம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். கணவரை வெளியே உட்காரச் சொன்னார். மூலையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு, "உட்கார் மாவ்ஷி" என்றார். மாவ்ஷி என்றால் சித்தி. அன்றிலிருந்து அதுதான் என் இடம். கதவைத் தாண்டும்போது அந்தக் கணவர் திரும்பி என்னிடம் தமிழில் சொன்னார்: "பெருக்க வந்தவங்க எல்லாம் பேச ஆரம்பிச்சா, குடும்பம் எங்க உருப்படும்?"

படம்

உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, எனக்கும் வார்த்தை கிடையாது என்று. டாக்டரம்மா உடம்பைப் பற்றி, வலியைப் பற்றி, ஆசையைப் பற்றி நேராகக் கேட்பார். தமிழில் அதையெல்லாம் என் வாழ்நாளில் நான் கேட்டது வசவாகத்தான். அந்த வார்த்தைகளை நோயாளியிடம் எப்படிச் சொல்வது? "அது எப்படிம்மா, பரவாயில்லையா?" என்பேன். "பரவாயில்லக்கா" என்பாள் அவள். பத்துக் கேள்விக்கும் இதே கேள்வி, இதே பதில். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா பெண்ணின் உடம்பைப் பாகம் பாகமாக வரைந்த ஒரு பெரிய படத்தை வாங்கிச் சுவரில் மாட்டினார். என் கையில் ஒரு ஸ்கேல். பூகோள டீச்சர் மாதிரி நின்று தொட்டுத் தொட்டுக் காட்டினேன்.

கேம்ப்பிலேயே குடியிருந்த ஒரு அம்மாள், முப்பத்தைந்து வயது இருக்கும், ஸ்கேல் போன இடத்தைப் பார்த்து எழுந்து பக்கத்தில் வந்துவிட்டாள். எனக்கும் அந்த இடத்தின் விவரம் முந்தின நாள்தான் தெரிந்திருந்தது. அப்போது எனக்கு நாற்பத்தொன்று. அதை நான் சொல்லவில்லை. அவள் வெட்கப்படாமல் சொன்னாள்: "ரெண்டு புள்ளை பெத்திருக்கேன், நம்மகிட்ட இப்படி ஒண்ணு இருக்குன்னு இன்னைக்குத்தான்க்கா தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை

நான் குடியிருக்கும் சாங்வியில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஜோடி. இரண்டு பேரும் கம்ப்யூட்டர் வேலை, இரண்டு பேருக்கும் நல்ல ஆங்கிலம். டாக்டரம்மாவோடு அவர்களே பேசிக்கொள்ளலாம். ஆனால் கூடவே பையனின் அம்மா கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார். கல்யாணமாகி மூன்று வருடமாகக் குழந்தை இல்லையே, என்ன பேசுகிறார்கள் என்று எனக்கும் சொல்ல வேண்டும் என்று பிடிவாதம். அதற்காக என்னைக் கூப்பிட்டார்கள். விசாரித்ததில், அவன் அமெரிக்கா நேரத்துக்கு வேலை பார்க்கிறான், அவள் இந்தியா நேரத்துக்கு. அவன் படுக்கும்போது அவள் கிளம்புகிறாள். ஒரே கட்டிலில் ஆள் மாறி ஆள் தூங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமையாவது ஒன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டோம்.

"ஞாயிற்றுக்கிழமை காலைல நான் வீடியோ கால் போடுவேன். குளிச்சு சாமி கும்பிட்டாச்சான்னு கேட்பேன்" என்றார் அந்த அம்மா, பெருமையாக. மருமகள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா, உங்களுக்குள் சண்டை சச்சரவு உண்டா என்று கேட்டார். புனேயிலேயே வளர்ந்த அந்தப் பெண் என் பக்கம் திரும்பித் தட்டுத்தடுமாறிய தமிழில் சொன்னாள்: "ஃபைட் எல்லாம் இல்ல ஆன்ட்டி. அதுக்கு ஃபர்ஸ்ட் ரெண்டு பேரும் முழிச்சிருக்கணுமே."

எப்போது ஓய்வு

புனேயின் வானவடிப் பகுதியிலிருந்து ஒரு பெரிய மனுஷி வந்தார். கணவர் அரசாங்க வேலையில் இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றவர். அம்மாளுக்கு ஐம்பத்தேழு வயது, மூட்டு வலி, இரண்டு பேரன்கள். முப்பது வருடம் புனேயில் இருந்தவர், நன்றாக இந்தி பேசுவார். ஆனாலும் இதை இந்தியில் சொல்ல வாய் வரவில்லை என்று என்னைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டார். கணவர் இப்போது பகலெல்லாம் வீட்டில் இருக்கிறாராம். மதியம் சாப்பிட்டு முடித்ததும் கூப்பிடுகிறாராம். போகவில்லை என்றால் இரண்டு நாள் பேசமாட்டாராம், மருமகள் எதிரில் தட்டைத் தள்ளுவாராம்.

"உங்களுக்கு அதில் விருப்பம் இருக்கிறதா என்று கேள்" என்றார் டாக்டரம்மா. கேட்டேன். அந்த அம்மாள் என்னை வேற்றுக் கிரகத்து ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அந்தக் கேள்வி எனக்குமே வேற்றுக் கிரகத்திலிருந்து வந்ததுதான். கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பை மடித்து மடித்துப் பிரித்தார். பிறகு சொன்னார்: "அதெல்லாம் எதுக்கும்மா இப்ப? அவர் ரிட்டயர் ஆயிட்டார், எனக்கு எப்ப ரிட்டயர்மெண்ட்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

விட்டுப்போன வரி

இனி, நான் முதலிலேயே சொன்ன பெண். அவளும் வானவடிதான், ஒரு புது அடுக்குமாடியில். சாத்தூர்ப் பக்கம் ஊர், இருபத்துநாலு வயது, கல்யாணமாகி ஒரு வருடம். கணவனே அழைத்து வந்தான். பார்க்க நல்ல பையன், கம்பெனி வேலை, மெல்லப் பேசுவான். இவளுக்கு என்மேல் ஈடுபாடே இல்லை, கட்டை மாதிரி இருக்கிறாள், சரி பண்ணிக் கொடுங்கள் என்றான். அவனை வெளியே அனுப்பிவிட்டு அவளைக் கேட்டோம். துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "தினமும் வேணும்கிறாருக்கா. முடியலைன்னா ரெண்டு கையையும் சேத்துப் பிடிச்சு அமுக்கிக்கிருவாரு. அழுதாலும் விடமாட்டாரு. முடிஞ்சதும் நல்லாத்தான் பேசுவாரு. டீ எல்லாம் போட்டுக் குடுப்பாரு."

நான் டாக்டரம்மாவிடம் சொன்னது: அடிக்கடி கூப்பிடுகிறாராம், இவளுக்குக் களைப்பாம், மற்றபடி நல்ல மனிதராம், டீ போட்டுத் தருவாராம். நடுவில் இருந்த கையும் அழுகையும் என்னிடமே நின்றுவிட்டன. வெட்கம் கொஞ்சம் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் வெட்கம் மட்டும் இல்லை. அது ஒரு புகார் என்றே எனக்குத் தோன்றவில்லை. காய்ச்சல் என்று வந்தவள் எங்கள் வீட்டில் ஜன்னல் இருக்கிறது என்று சொன்னால் அதையுமா டாக்டரிடம் எடுத்துச் சொல்வோம்? அப்படி, எல்லா வீட்டிலும் இருக்கிற ஒன்றாகத்தான் என் காதில் விழுந்தது.

டாக்டரம்மா கணவனையும் உள்ளே கூப்பிட்டு, இரண்டு பேரும் சேர்ந்து நேரம் செலவழியுங்கள், எங்காவது வெளியூர் போய் வாருங்கள், நெருக்கம் வளரட்டும் என்றார். அதை மட்டும் நான் ஒரு எழுத்து குறையாமல் தமிழில் சொன்னேன். அவன் தலையாட்டிவிட்டுச் செருப்புப் போடப் போனான். அவள் எழுந்திருக்காமல் என் முகத்தையே பார்த்துக் கேட்டாள்: "நான் சொன்னதுக்கு அவுங்க சொன்ன பதில் இதுதானாக்கா?"

மணிக்கட்டு

ஐந்து வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தனியாக ஆட்டோவில் வந்து இறங்கினாள். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. மாடிப்படியில் நான் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். அவள் மேலே ஏறவில்லை, கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். பேக்கரியிலிருந்து சூடான பிஸ்கட் வாசனை வந்துகொண்டிருந்தது.

டாக்டரம்மா சொன்னபடியே வெளியூர் போனார்களாம். மலையும் மழையுமாக நல்ல ஊராம், நல்ல ஓட்டலாம். மூன்று நாள் அந்த அறையை விட்டு வெளியே விடவில்லையாம். மூன்றாம் நாள் மத்தியானம் கையைப் பிடித்து முறுக்கியதில் எலும்பு விரிசல் விட்டுவிட்டதாம். குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்று அங்கே இருந்த ஆஸ்பத்திரியில் அவனே இந்தியில் சொன்னானாம். அவளே சொன்னாள்: "'டாக்டரே சொல்லிட்டாங்கல்ல, நெருக்கமா இருக்கணும்னு', இதைச் சொல்லிச் சொல்லித்தான்க்கா பண்ணாரு."

இன்னொரு தடவை

மாடிக்கு அழைத்துப் போனேன். முதலில் என் தப்பைச் சொன்னேன்: போன தடவை இவள் சொன்னதில் ஒரு வரியை நான் விட்டுவிட்டேன் மேடம், கையை அமுக்கிப் பிடித்துக்கொள்வார், அழுதாலும் விடமாட்டார் என்றாள். டாக்டரம்மாவின் பேனா அப்படியே நின்றுவிட்டது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அவளிடம் கேட்கச் சொல்லி வரிசையாகக் கேள்விகள் கொடுத்தார். பயமாக இருக்கும்போது கூப்பிட யார் இருக்கிறார்கள்? பக்கத்து வீட்டில் யார்? வீட்டில் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இருக்கிற மாதிரி அறை ஏதாவது உண்டா?

"பாத்ரூம் மட்டும்தான்" என்றாள். மற்ற கதவுகளின் தாழ்ப்பாள்களை அவன் கழற்றிவிட்டானாம். நான் அதை மராத்தியில் சொல்ல வாயைத் திறந்தபோது சாங்வியில் என் வீடு கண்முன் வந்தது. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, மகன் ஹைதராபாத் போன பிறகு காலியாகக் கிடக்கும் ஒரு சின்ன அறை. எங்கள் வீட்டிலும் பாத்ரூம் மட்டும்தான்.

கடைசியாக டாக்டரம்மா ஒன்று சொல்லச் சொன்னார். தாலி கட்டியவனாக இருந்தாலும், நீ வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அதன் பிறகு அவன் செய்வது தப்பு, உன் தப்பு இல்லை. மராத்தியில் கேட்கும்போது சுலபமாகத்தான் இருந்தது. தமிழில் சொல்லப்போனால் நாக்கு எழும்பவில்லை. அந்த வாக்கியத்தைத் தமிழில் யாரும் சொல்லி நான் கேட்டதே இல்லை. அம்மா சொல்லவில்லை, அக்கா சொல்லவில்லை, நானும் யாருக்கும் சொன்னதில்லை. தண்ணீர் குடித்துவிட்டு ஒருவழியாகச் சொன்னேன். அவள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "அதை இன்னொரு தடவ சொல்லுங்கக்கா."

டாக்டரம்மாவின் கேள்வி

ஒரு பெண் வக்கீலின் நம்பரை எழுதிக் கொடுத்து, அன்றைக்கே அவளை அம்மா வீட்டுக்கு ரயில் ஏற்றினோம். திரும்பி வந்ததும் டாக்டரம்மா கேட்டார், ஏன் விட்டாய் என்று. எல்லா வீட்டிலும் உள்ளதுதானே, அதை ஏன் தனியாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன் மேடம் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கே உறைத்தது. மேஜையைத் துடைக்க ஆரம்பித்தேன். துடைத்த மேஜைதான். டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார்: "சரி மாவ்ஷி, உனக்காக நடுவுல நான் யாரை உட்கார வைக்கிறது?"

பஸ் ஸ்டாப்

ஒரு வாரம்தான் போயிருக்கும். சாயங்காலம் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது அவளுடைய கணவன் பக்கத்தில் வந்து நின்றான். இஸ்திரி போட்ட சட்டை, முதுகில் பை. "ஆன்ட்டி, என் வைஃப் என்ன சொன்னா, நீங்க என்ன சொன்னீங்க, எனக்கு வரிக்கு வரி வேணும்" என்றான். சத்தம் போடவில்லை. நான் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். மறுநாளும் நின்றான். அதற்கு மறுநாள் நான் பஸ்ஸை விட்டு ஷேர் ஆட்டோவில் போனேன். சாங்வியில் இறங்கித் திரும்பிப் பார்த்தால் பின்னால் அவன் ஸ்கூட்டர். டாக்டரம்மா போலீசில் சொல்லலாம் என்றார். வேண்டாம் மேடம், என் வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்றேன். பாருங்கள், அப்போதும் எனக்கு அந்தப் பயம்தான்.

நாலாம் நாள் அவன் சிரித்துக்கொண்டே வந்தான். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பஸ் வரும் வரை கூடவே நின்றான். நான் படியில் கால் வைத்ததும் சொன்னான்: "உங்க வீட்டுக்குப் போயிருந்தேன் ஆன்ட்டி. அங்கிள் டீ குடுத்து, 'அவ பேச்சை நான் ஒரு நாளும் காதுல வாங்கினதில்ல, நீங்களும் விட்டுடுங்க தம்பி'ன்னார்."

நிபந்தனை

நாற்பது நாள் கழித்து அவளிடமிருந்து போன். வானவடியிலிருந்தே பேசினாள். ஊரில் பெரியவர்கள் கூடிப் பேசினார்களாம். வக்கீலுக்குப் போன் போட அப்பா விடவில்லையாம். தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம், நீ இங்கே இருந்தால் நன்றாக இருக்காது என்று அம்மாவே பெட்டி கட்டினாராம். உனக்கு என்ன வேண்டும், கேள், மாப்பிள்ளையிடம் பேசி வாங்கித் தருகிறோம் என்றார்களாம். நகை கேட்பாள், தனிச் சமையல் கேட்பாள் என்று எதிர்பார்த்திருப்பார்கள். இரண்டாவது அறைக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தால் வருகிறேன் என்றாளாம். பெரியவர்கள் சிரித்தார்களாம். அவனும் சிரித்துக்கொண்டே சரி என்றானாம்.

"போட்டுக் கொடுத்தானா?" என்றேன். போட்டிருக்கிறான், தாழ் போட்டுப் பார்த்தேன், நன்றாக விழுகிறது என்றாள். எத்தனை நாளைக்கு என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. டாக்டரம்மாவும் வக்கீலம்மாவும் இருக்கிறார்கள், எந்த நேரமும் கூப்பிடு என்று மட்டும் சொன்னேன். கூப்பிடுகிறேன் என்றாள். வைப்பதற்கு முன்னால் சொன்னாள்: "அத்தனை பேர் உக்காந்திருக்காக, வேற என்ன கேக்கன்னே எனக்குத் தெரியலக்கா."

உள்பக்கம்

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, வீட்டுக்காரர் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போதே, எங்கள் தெருவில் இருக்கும் தச்சரை அழைத்து வந்தேன். மகனின் அறைக் கதவைக் காட்டினேன். தாழ்ப்பாள் உள்பக்கமா வெளிப்பக்கமா என்று அவர் மராத்தியில் கேட்டார். உள்பக்கம் என்றேன். என் பாயையும் தலையணையையும் அவர் துளை போடும்போதே உள்ளே கொண்டுபோய் வைத்தேன். மரத்தூள் ஹால் வரை பறந்தது. வீட்டுக்காரர் பேப்பரை இறக்கி, தாழ்ப்பாளைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் முதல் தடவையாக, நான் சொல்லாத ஒன்றைக் காதில் வாங்கியவர்போல இருந்தது அவர் முகம். பிறகு கேட்டார்: "நம்ம வீட்டுக்குள்ள எந்தத் திருடன்டி வரப்போறான்?"

பதினோரு வருடம் ஊரார் வீட்டுப் பேச்சையெல்லாம் மொழி மாற்றிக் கொடுத்தவள், என் வீட்டில் சொல்ல வேண்டியதை மட்டும் ஒரு சாண் இரும்பிடம் கொடுத்துச் சொல்லச் சொல்லிவிட்டேன்.